நாலு மணி ஜெபம்

பிப்ரவரி 9

போதகர் அவர்களுக்கு,

பத்தொன்பது வருஷம் "மச்சான்" என்று கூப்பிட்ட வாய்க்கு இப்படித் தொடங்குவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழகிக்கொள்கிறேன்.

சனிக்கிழமையிலிருந்து நீங்கள் பதினோரு தடவை போன் செய்துவிட்டீர்கள். எடுக்கமாட்டேன். எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடிதத்தில் நடுவே புகுந்து "ஒரு நிமிஷம் மாப்பிள்ளை" என்று கையை உயர்த்த முடியாது. அதனால் இனி நமக்குள் எல்லாமே எழுத்தில்தான்.

உங்கள் சபை மண்டபத்தில், கிறிஸ்தவர் ஒரு பக்கம் நாத்திகர் ஒரு பக்கம் என்று நாற்காலி போட்டு விவாதம் நடத்துகிறீர்களே, அதற்கு நான் வரச் சம்மதித்தது யாருக்காக என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கைக்காக. அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இருந்தவரை, உங்கள் வீட்டிலோ எங்கள் வீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நம் இருவரையும் மேஜையின் இரண்டு முனையில் உட்காரவைத்து, நடுவில் தக்காளி வடிவச் சமையலறை டைமரைத் திருகி வைத்தவள் அவள். "ஆளுக்கு இருபது நிமிஷம். முதல்ல எதிராளி சொன்னதை அவரே ஒத்துக்கிற மாதிரி திருப்பிச் சொல்லணும். அவர் 'ஆமா, அதைத்தான் சொன்னேன்'னு சொன்னாத்தான் உங்களுக்குப் பதில் பேச உரிமை" என்று சட்டம் போட்டவளும் அவள்தான். "மைக்கும் எடைக்கல்லும் மோதுறாங்க, வந்து பாருங்க" என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுச் சிரிப்பாள். மைக் நீங்கள். கடை கடையாக ஏறி இறங்கித் தராசு சோதித்து முத்திரை வைக்கிறவன் என்பதால் எடைக்கல் நான்.

அந்தச் சட்டம் சனிக்கிழமை எங்கே போயிற்று? கடைசிப் பத்து நிமிஷம் வரை ஒழுங்காகத்தான் பேசினீர்கள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இரண்டு முறை தண்ணீர் குடித்தீர்கள். பிறகு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தீர்கள்.

"என் தங்கச்சியை நாலு மணி ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்னைக்கு, கடவுளே இல்லைன்னு சொல்ற இந்த மனுஷன் எனக்கு போன் பண்ணாரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'மச்சான், ஜெபம் பண்ணுங்க!' நான் அந்த நாலு மணிக்கே என் அறையில முழங்கால் போட்டேன். கஷ்டம்னு வந்தா மனுஷன் யாரைத் தேடுறான்னு இப்பப் புரியுதா?"

நானூறு பேர் கைதட்டினார்கள். நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனேன். அதையும் உங்கள் ஆட்கள் வீடியோ எடுத்திருக்கிறார்கள், "நாத்திகர் வாயடைத்துப் போன தருணம்" என்று தலைப்புக் கொடுத்து ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். என் ஆபீஸ் பியூனுக்குக்கூட வந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது இரண்டு. அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும். மார்ச் 15ஆம் தேதி அடுத்த விவாதம் தொடங்கும் முன்பு, அதே மேடையில் ஏறி, அன்று நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்குமேல் உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

சமாதானம் உண்டாவதாக. உங்கள் கடிதத்தில் அது மருந்துக்கும் இல்லை, ஆகவே என் பக்கத்திலிருந்து அனுப்பி வைக்கிறேன்.

முதலில் ஒரு நேரடிக் கேள்வி. நீங்கள் போன் செய்தீர்களா இல்லையா? "ஜெபம் பண்ணுங்க" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்ததா இல்லையா? வந்தது. பிறகு எதற்கு இந்தக் குதி குதிக்கிறீர்கள்? இல்லாததைச் சொன்னால் கோபம் வரலாம். உள்ளதைச் சொன்னதற்கு வருகிற கோபத்துக்கு வேறு பெயர் இருக்கிறது, நான் எழுத விரும்பவில்லை.

ஏன் இந்த விவாதங்களை நடத்துகிறேன் என்று என் சபை மூப்பர்களே கேட்கிறார்கள். "எதுக்குப் பாஸ்டர் வீட்டுக்குள்ள பாம்பைக் கூப்பிட்டு நாற்காலி போடுறீங்க?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் வாலிபனாக இருந்தபோது சபையில் யாராவது கேள்வி கேட்டால் வாயை மூடச் சொல்வார்கள். மூடிக்கொண்டார்கள். ஒருநாள் சத்தமே இல்லாமல் எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்த ஒன்பது பேரில் இன்று சபைக்கு வருகிறவன் நான் ஒருவன்தான். கேள்வி வெளியே வரட்டும், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கட்டும், எங்கள் பிள்ளைகள் நாத்திகன் வாயிலிருந்தே கேட்கட்டும் என்று நினைத்தேன். எனக்கும் அது தேவை. தினமும் பல் தேய்க்கிற மாதிரிதான். தேய்க்காவிட்டால் சொத்தை விழும்.

சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். அதில் ஒரு பெண், ஆறு வருஷமாகச் சபை வாசலை மிதிக்காதவள், அழுதுகொண்டே வந்தாள். உங்கள் போன் கதைதான் அவளை அழைத்து வந்தது. நீங்கள் கேட்கிறீர்கள் என்பதற்காக அந்த மூன்று பேரிடம் போய் "சும்மா சொன்னேன்" என்று சொல்லட்டுமா?

இன்னொன்று. "அவளுக்காக வந்தேன்" என்று எழுதுகிறீர்கள், அவள் உங்கள் சொத்து மாதிரி. அவள் என் விரலைப் பிடித்துத்தான் நடை பழகினாள், மாப்பிள்ளை. நீங்கள் வந்து சேர்ந்தது இருபத்தாறு வருஷம் கழித்து. அவள் சாவைப் பற்றிப் பேச உங்களைவிட எனக்கு உரிமை குறைவில்லை.

வீடியோ இருக்கும். மேடை ஏறி நான் எதையும் சொல்லப் போவதில்லை.

உங்கள் மைத்துனன்


பிப்ரவரி 20

போதகர் அவர்களுக்கு,

நான் எழுதியதை நீங்கள் படிக்கவில்லை, பதில் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். "நடந்ததை நடந்தபடி" என்று எழுதினேன். சரி, நானே சொல்கிறேன், எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடித் தாழ்வாரம். அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, தலைக்குப் பச்சைத் துணி கட்டிவிட்டார்கள். நாலு மணிக்குத் தொடங்குவார்கள் என்று நர்ஸ் சொன்னார். அவள் என் கையைப் பிடித்து, "அண்ணனுக்கு போன் போடுங்க. நாலு மணிக்கு ஜெபம் பண்ணச் சொல்லுங்க. நீங்க உங்க இஷ்டத்துக்கு மாத்திச் சொல்லக்கூடாது, நான் சொன்ன மாதிரியே சொல்லணும்" என்றாள். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு உங்களுக்கு போன் செய்தேன். சொன்னது இது: "மச்சான், நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோறாங்க. அந்த நேரத்துக்கு ஜெபம் பண்ணுங்கன்னு அவ சொல்லச் சொன்னா." நீங்கள், "சரி மாப்பிள்ளை, கண்டிப்பா" என்றீர்கள். போன் வைத்துவிட்டு அவளிடம் வந்து, ஒரு வார்த்தைகூடச் சிந்தாமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அவ சொல்லச் சொன்னா." இந்த மூன்று வார்த்தையை மேடையில் விழுங்கிவிட்டீர்கள். கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுவதை நான் பிடித்திருக்கிறேன். அவன்கூடப் பிடிபட்டதும் தலையைக் குனிவான்.

விவாதம் வேண்டும் என்கிறீர்கள். யார் வேண்டாம் என்றது? உங்களோடு வாதாடித்தான் என் பாதிப் பொய்களை நானே கண்டுபிடித்தேன். மதம் இருக்கிறவன் எல்லாம் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நினைப்பு போனது உங்கள் சாப்பாட்டு மேஜைப் பேச்சால்தான். அதனால்தான் இந்த எரிச்சல். நீங்கள் அன்று செய்தது விவாதம் இல்லை. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக்கி, அதைத் தோற்கடித்துக் கைதட்டல் வாங்கினீர்கள்.

இனி ஒரு கேள்வி. அன்று நான் வெளியேறிய பக்கத்துக் கதவுக்குப் போகும் நடையில், உங்கள் பழைய விவாதங்களின் சுவரொட்டிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கிறீர்கள். கதவு திறக்கவில்லை, தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றபோது என் மூக்குக்கு நேரே ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதியோடு நீங்கள் நடத்திய விவாதம். போன வருஷம் மார்ச் 8. மாலை 3.30.

மார்ச் 8 என்ன நாள் என்று நான் சொல்ல வேண்டாம். மூன்றரைக்கு மேடையில் ஏறிய மனிதர் நாலு மணிக்கு எந்த அறையில் முழங்கால் போட்டார்?

உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

சபாஷ். போதகர் வீட்டுக்கே தராசு சோதனைக்கு வந்துவிட்டீர்கள்.

ஜெபம் என்றால் என்னவென்றே தெரியாத ஆளிடம் இதை எப்படி விளக்குவது? முழங்கால் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. நின்றுகொண்டும் ஜெபிக்கலாம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் ஜெபிக்கலாம், மேடையில் இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளுக்குள்ளும் ஜெபிக்கலாம். அதற்கு ரசீது கிடையாது. உங்கள் முத்திரையும் அதன்மேல் விழாது.

கேட்கத்தான் கேட்கிறேன், உங்களுக்கு இதில் என்ன வந்தது? ஜெபம் காற்றில் போகிற வார்த்தை என்று பத்தொன்பது வருஷம் என் மேஜையில், என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னவர் நீங்கள். நான் ஜெபித்தால் என்ன, ஜெபிக்காவிட்டால் என்ன? உங்கள் கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானே? ஒன்றுமில்லாத ஒன்று நடந்ததா இல்லையா என்று ஒரு மனிதன் சுவரொட்டியைப் படித்துத் துப்பறிகிறான் என்றால், அவனுக்கு நாத்திகத்தின்மேலும் நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒளித்து வைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு வருஷம் அவள் பாட்டு நேரத்தில் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் கண்ணை மூடும்போது அவள் ஜன்னலைப் பார்ப்பாள். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாரா வாரம் உங்கள் கேள்விகளுக்கு நடுவில் டைமரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு என்ன மிஞ்சும்? நீங்கள்தான் கரைத்தீர்கள். சர்க்கரையைத் தண்ணீரில் போட்ட மாதிரி, சத்தமில்லாமல். என் தங்கை ஆபரேஷன் அறைக்குள் எதைப் பிடித்துக்கொண்டு போனாளோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், நான் இல்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் மனைவி, "யாருங்க இப்படி வாரா வாரம் கடிதம் போடுறது?" என்று கேட்கிறாள்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 2

போதகர் அவர்களுக்கு,

அவள் எதைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன்.

வண்டியைத் தள்ளத் தொடங்கியபோது தாழ்வாரத்துக் கடிகாரத்தில் நாலு ஆக ஐந்து நிமிஷம். அவள் அதைப் பார்த்தாள். "அண்ணன் இந்நேரம் முழங்கால் போட்டிருப்பாரு. அவருக்கு மூட்டு வலி வேற, பாவம்" என்று சொல்லிச் சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. சபையில் ஜன்னலைப் பார்த்தாளோ கதவைப் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. அன்று அவள் பிடித்துக்கொண்டு போனது உங்களை.

இந்தப் பொட்டலத்தில் தக்காளி டைமர் இருக்கிறது. அவள் சட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் கேட்டது என்ன என்று முதலில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். நான் "ஆமா" என்றால் மட்டும் பதில் சொல்லுங்கள். இருபது நிமிஷம் போதும்.


மார்ச் 8

மாப்பிள்ளை,

டைமரைத் திருகி மேஜைமேல் வைத்திருக்கிறேன். மணி நாலு. அறையைப் பூட்டிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டது இது. "போன வருஷம் இதே நாள், இதே நேரம், உங்கள் தங்கை கேட்ட ஒரு காரியத்தைச் செய்தீர்களா?" அவ்வளவுதான். நீங்கள் "ஆமா" சொல்லும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, சட்டத்தை மீறிப் பதிலையும் எழுதுகிறேன்.

இல்லை. செய்யவில்லை.

நீங்கள் போன் செய்தபோது மண்டபத்தின் பின்னறையில் இருந்தேன். ஒரு கையில் குறிப்புகள், இன்னொரு கையில் போன். ஜன்னல் வழியே நீதிபதியின் கார் உள்ளே வருவது தெரிந்தது. நீங்கள் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது, அவள் சொல்லச் சொன்னாள் என்பதும்தான். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கிச் சபையாரோடு சேர்ந்தே ஜெபித்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அன்றைய தலைப்பு, "ஜெபத்துக்குப் பதில் உண்டா?" நீங்கள் சுவரொட்டியில் தேதியைப் பார்த்தீர்கள், தலைப்பைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அல்லது பார்த்துவிட்டு, எனக்காக எழுதாமல் விட்டீர்களோ என்னவோ.

நாலு மணிக்கு நான் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே சுவர்க்கடிகாரம் இருக்கிறது, நேரம் மிச்சம் இருக்கிறதா என்று அதை இரண்டு முறை பார்த்தேன். அவள் நினைவுக்கே வரவில்லை. நீதிபதி நன்றாகப் பேசினார், எனக்கு வேர்த்தது, ஜெயிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர மண்டைக்குள் எதுவும் இல்லை. ஜெயித்தேன். எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். ஆறு மணிக்கு, கையில் டீ டம்ளரோடு நின்றபோது போனைப் பார்த்தேன். உங்களிடமிருந்து ஏழு அழைப்புகள். எடுத்துப் பேசுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

என் மனைவிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அடக்கத்தில் ஒரு அம்மாள், "நீங்க ஜெபிச்சிருப்பீங்க பாஸ்டர், அதான் அவ முகம் அவ்வளவு அமைதியா இருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். அன்று ஆட்டிய தலையில்தான் எல்லாம் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் அந்த நாலு மணி கொஞ்சம் கொஞ்சமாக உருமாறியது. முதலில் மனசுக்குள் ஜெபித்தேன் என்று ஆயிற்று. பிறகு நின்றுகொண்டு ஜெபித்தேன். உங்கள் முன்னால் மேடையில் நின்றபோது முழங்காலே போட்டுவிட்டேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. அப்படி ஒரு பேச்சாளன் நான்.

அவள் விசுவாசத்தை நீங்கள் கரைத்தீர்கள் என்று எழுதியது அயோக்கியத்தனம். என் கையில் பிடிபட்டதை உங்கள் பையில் போடப் பார்த்தேன்.

ஆனாலும் இதை எழுத வைத்ததற்கு உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும். அவள் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வார்த்தையை ஒரு வருஷம் பொத்தி வைத்திருந்து, சரியான நேரம் பார்த்து வீசினீர்களே. உங்களுக்கு இரக்கம் என்பதே கிடையாது. கல் என்று அவள் சும்மா பெயர் வைக்கவில்லை.

விவாதங்கள் தப்பு என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் மூப்பர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கேள்விக்குப் பதில் தேடுவது நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எப்போதும் பதில் கையில் இருக்க வேண்டும் என்று பழகிவிட்ட வாய்க்கு "செய்யவில்லை" என்ற ஒரு சொல் வர ஒரு வருஷம் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, மாப்பிள்ளை. இதை உலகத்தில் வேறு யாரிடமும் கேட்க முடியாது. என் சபையில் கேட்டால் "கர்த்தர் மன்னிப்பார்" என்பார்கள். அது எனக்குத் தெரியும், நானே வாரா வாரம் சொல்கிறேன். நீங்கள் ஜெபத்தால் ஒரு துரும்பும் அசையாது என்கிறவர். அப்படியானால் நான் ஜெபித்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். அதை எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில். நீங்கள் சொன்னால் நம்புவேன்.

டைமர் எப்போதோ அடித்து ஓய்ந்துவிட்டது.

மச்சான்


மார்ச் 11

போதகர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்பதைத் திருப்பிச் சொல்கிறேன். ஜெபம் பலிக்கும் என்று பிரசங்கிக்கிற நீங்கள், அந்த ஒரு நாளுக்கு மட்டும் அது பலித்திருக்காது என்று என்னிடம் எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள். சரிதானே? "ஆமா" என்று சொல்லிக்கொண்டே மேலே படியுங்கள்.

ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் என்னிடம் படம் போட்டுக் காட்டி விளக்கினார். நீங்கள் முழங்கால் தேயத் தேய ஜெபித்திருந்தாலும் அது நின்றிருக்காது. என் அறிவுக்கு எட்டியவரை இது உண்மை, இதை உங்கள் மண்டபத்திலும் சொல்வேன், உங்கள் கல்லறையிலும் சொல்வேன். எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷமாக, "உங்க கொள்கை ஆறுதலுக்கு உதவாது மாப்பிள்ளை" என்று கிண்டல் செய்தீர்களே. இன்று அதைத்தான் கையேந்திக் கேட்கிறீர்கள். எனக்கு இதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஆனால் அதோடு நீங்கள் தப்பிக்க முடியாது. அவள் உயிரைக் காப்பாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. நாலு மணிக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் செய்திருக்கலாம். நானே செய்தேன், தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, எந்தக் கடவுளையும் கூப்பிடாமல், அவளை நினைத்துக்கொண்டு. அதற்கு விசுவாசம் தேவைப்படவில்லை. நீங்கள் செய்யாமல் விட்டதற்கு என் பக்கத்தில் மன்னிப்புச் சீட்டு எதுவும் கிடையாது. எங்கள் கட்சியில் அந்த ஏற்பாடு இல்லை.

அந்த வார்த்தையை ஒரு வருஷம் பொத்தி வைத்தேன் என்கிறீர்கள். ஆமாம், வைத்தேன். நீங்கள் ஜெபித்தீர்கள் என்று நம்பியதால் வைத்தேன். என்றைக்காவது நீங்கள் உடைந்து உட்காரும் ஒரு நாளில் ஆறுதலாகச் சொல்லலாம் என்று வைத்தேன். சுவரொட்டியைப் பார்த்த பிறகுதான் அது கல்லாயிற்று.

15ஆம் தேதி மூன்று மணிக்கு வருவேன்.


மார்ச் 17

மாப்பிள்ளை,

நீங்கள் பாதியிலேயே போய்விட்டீர்கள், அதனால் மீதியைச் சொல்கிறேன். கடைசி வரிசைக்குப் பின்னால், எடைக்கல் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். வேலையிலிருந்து நேரே வந்தீர்கள் போலிருக்கிறது.

அன்று நடந்ததை நடந்தபடி நான் சொல்லி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. முதல் இரண்டு வரிசையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அடக்கத்தில் என்னிடம் பேசிய அந்த அம்மாள் போகும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மனைவி போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. ஆறு வருஷம் கழித்துச் சபைக்கு வந்த அந்தப் பெண் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று தெரியாது.

அன்று என்னோடு வாதாட வந்திருந்த கல்லூரிப் பேராசிரியர் என்னிடம் குனிந்து, "இன்னொரு நாள் வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம், இன்றே நடத்துவோம் என்றேன். நடத்தினோம். வசமாகத் தோற்றேன். கேட்டதற்கு மூன்று இடத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீடியோவை எடுத்தாயிற்று. மூப்பர்கள் கூடி, ஆறு மாதத்துக்கு நான் மேடை ஏற வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். விவாத வரிசையையே நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அதற்கு மட்டும் சண்டை போட்டேன். தப்பு விவாதத்தில் இல்லை, ஆளில்தான் என்றேன்.

மேடையில் சொன்னது சபைக்கு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. நீங்கள் முதல் கடிதத்திலேயே கேட்டதை இப்போது திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்கள் கோபம் நான் ஜெபிக்க மறந்ததற்காக இல்லை. உங்களை நானூறு பேர் முன்னால் வாயடைக்க வைத்ததற்காகவும் இல்லை. நம்பாத நீங்கள், அவள் சொன்னதைச் சொன்னபடியே என்னிடம் கொண்டுவந்து சேர்த்தீர்கள். நம்புகிற நான் அதைக் கீழே போட்டேன். பிறகு அவள் கேட்டதை நீங்கள் கேட்டதாக மாற்றினேன். நான் செய்யாததைச் செய்ததாக மாற்றினேன். அந்தக் கதையில் நீங்கள் இருக்கிறீர்கள், நான் இருக்கிறேன், கடவுள் இருக்கிறார். அவள் மட்டும் இல்லை. அவள் கடைசியாகக் கேட்ட ஒன்றிலிருந்தே அவளைத் தூக்கி எறிந்துவிட்டு, நாம் இருவரும் அவளைப் பற்றி வாதாடினோம். அதுதான் உங்கள் கோபம்.

சரியாகச் சொல்லியிருக்கிறேனா? சரி என்றால் மட்டும் பதில் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டாம், மறுபடி முயற்சி செய்கிறேன்.

மச்சான்


மார்ச் 20

மச்சான்,

ஆமா. அதைத்தான் சொன்னேன்.

மன்னிப்பு வேறு தலைப்பு. அதில் உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கிறது, நன்றாகத் தயாரித்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு மூன்று மணி, என் வீட்டு மேஜை. டைமரை மறக்காதீர்கள்.

நாலு மணிக்கு நிறுத்திக்கொள்வோம். அந்த நேரம் நீங்கள் முழங்கால் போடுங்கள். நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.